செட்டிநாட்டு வீட்டில் வீல்சேர் கதாபாத்திரம்: குறும்படத்துக்கு யோசனை வேண்டும்

முகப்புத்திண்ணை:
வணக்கம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டில் 20 நிமிடக் குறும்படம் எடுக்கப்போகிறோம். நாயகிக்கு விபத்தில் தண்டுவடம் முழுசாக அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தம்பி கல்யாணத்துக்காகப் பூர்வீக வீட்டுக்கு வருகிறாள். நடிப்பது நடக்கக்கூடிய பெண்தான். மடக்கு வீல்சேர் ஒன்று வாடகைக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். முகப்பிலிருந்து வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு) வரை நிலைப்படிகளுக்குச் சாய்தளம் போட்டுவிடலாமா? நடிகை என்னென்ன பழக வேண்டும்? திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில் அவள் எழுந்து நிற்பதாக முடிவு எழுதியிருக்கிறோம், ஒத்துவருமா?

இயன்முறை:
கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன் தம்பி. முழுக் காயம் என்று எழுதிவிட்டு மேளச் சத்தத்தில் எழுப்பி நிறுத்தினால், படம் அதுவரை சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். நிற்கத்தான் வேண்டுமென்றால் தொடை வரை வரும் கேலிப்பர் என்ற கால்தாங்கியை மாட்டி, முட்டியைப் பூட்டி, கைகளால் ஊன்றித்தான் நிற்க முடியும். அதை மாட்டவே நேரம் பிடிக்கும். அப்படியொரு காட்சி வேண்டுமா என்று யோசியுங்கள்.

உங்கள் கதையில் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் காயத்தில் சிறுநீர் கழிப்பது கட்டுப்பாட்டில் இருக்காது. நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டு எடுக்க வேண்டும். பழைய வீடுகளில் கழிப்பறை எங்கே? அடுப்படியைத் தாண்டிப் பின்கட்டில். வழியில் எத்தனை நிலைப்படி, கதவு எத்தனை அகலம்? விடியற்காலையில் வந்தவள் மத்தியானப் பந்தி வரை தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பாள். ஆச்சிமார் மாறி மாறிக் காப்பி நீட்ட, வேண்டாம் வேண்டாம் என்பாள். வசனமே தேவையில்லை.

வாடகை வீல்சேரை விடுங்கள். அது ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பின்னால் நின்று தள்ளிப்போக வைத்திருப்பது. சீட் தொய்ந்திருக்கும், கைப்பிடி உயரம், எல்லாருக்கும் ஒரே அளவு. வருடக்கணக்கில் வீல்சேரில் இருப்பவள் தன் இடுப்பளவுக்குச் செய்த, முதுகு தாழ்ந்த நாற்காலி வைத்திருப்பாள். அடியில் அழுத்தத்தைக் குறைக்கும் குஷன் கட்டாயம், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். அரை மணிக்கொரு தரம் முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ எடையை மாற்றுவாள். நடிகை அதைப் பேச்சுக்கு நடுவே, கவனிக்காத மாதிரி செய்யப் பழகட்டும்.

நடிப்பு எங்கே காட்டிக்கொடுக்கும் தெரியுமா? கால் கட்டைவிரலில். சட்டென்று பிரேக் போடும்போது, திரும்பும்போது, நடக்கக்கூடியவர் தன்னை அறியாமல் பாதத்தை அழுத்துவார். கட்டைவிரல் மடங்கும், தொடை இறுகும். கால் நழுவினால் காலாலேயே சரிசெய்வார். உண்மையில் கையால் முட்டிக்குக் கீழே பிடித்துத் தூக்கித்தான் வைக்க வேண்டும். இதெல்லாம் இரண்டு நாளில் வராது. நிஜமாகவே வீல்சேரில் இருக்கும் நடிகையைத் தேடினீர்களா என்ற கேள்வியும் இருக்கிறது.

பர்மாத்தேக்கு:
சாய்தளக் கணக்கு 1:12, அதாவது ஓரங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். ஆறு அங்குல நிலைப்படிக்கு ஆறடிப் பலகை வேண்டும். முகப்பு தரையிலிருந்து மூன்றடி உயரம் என்றால் 36 அடி, நடுவில் சமதளம் வேறு. கேமராவுக்குப் பின்னால் யூனிட் வேலைக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கதைக்குள் போடாதீர்கள். அந்த வீட்டில் யாரும் அவளுக்காகச் சாய்தளம் போட்டுவைக்கவில்லை என்பதுதானே கதை?

கதவையும் அளந்துகொள்ளுங்கள். 18 அங்குல சீட் உள்ள மடக்கு நாற்காலி வெளிப்பக்கம் 25, 26 அங்குலம் வரும். சக்கரம் தள்ளும் கை முட்டிக்குப் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் சேருங்கள். இரட்டைக் கதவில் ஒன்றை மட்டும் திறந்தால் பெரும்பாலும் நுழையாது.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கும் வீடு என்றால், அன்றைக்குத் துடைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சக்கரம் வழுக்கும். கறுப்பு டயர் கல்லில் கோடு போடும். சாம்பல் நிற டயர் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் பாட்டு வாங்குவீர்கள்.

முகப்புத்திண்ணை:
நன்றி. அப்படியானால் படியில் மாமன்மார் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிப்போவதாக வைக்கலாமா? உணர்ச்சியாக இருக்கும். சமையல்காரர் அவளைக் கிண்டல் செய்யும் வசனமும் ஒன்று இருக்கிறது.

பர்மாத்தேக்கு:
வைக்கலாம், ஆனால் சரியாகத் தூக்குங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் நாற்காலியின் முதுகு மேற்படிப் பக்கம்தான் இருக்க வேண்டும். பின்சக்கரத்தில் சாய்த்து, படி படியாக. படங்களில் முகம் மேலே பார்க்க முன்பக்கமாக ஏற்றுகிறார்கள். சரிந்தால் ஆள் முதுகடிக்க விழுவார். பக்கவாட்டில் கை வைக்கும் பிடியையும் கால்தட்டையும் யாரும் பிடிக்கக்கூடாது, அவை கழன்று கையோடு வந்துவிடும். இரும்புச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

ஒளிப்பதிவாளன்:
தூக்கும் காட்சியைக் கேமராவை அவள் கண்மட்டத்தில், நாலடிக்குச் சற்றுக் கீழே வைத்து எடுங்கள். அப்போது தெரிவது மாமன்மாரின் வேட்டி, இடுப்பு, வேர்த்த கை. யாரும் அவளைக் கேட்காமல் கை வைத்தது பார்ப்பவருக்கு உறைக்கும். கிரேன் ஷாட்டில் பின்னணி இசையோடு எடுத்தால் தூக்கியவர்கள் நாயகர்களாகிவிடுவார்கள், அவள் சீர்வரிசைச் சாமான் ஆகிவிடுவாள். படம் முழுக்க அதே மட்டத்தில் இருங்கள். நின்று பேசுகிறவர் தலை ஃப்ரேமுக்கு வெளியே போனால் போகட்டும், குனிந்து பேசுகிறவர் மட்டும் முழுசாக வரட்டும். பட்டாலை (உள்கூடம்) இருட்டு, முற்றம் பளீர். அங்கிருந்து இங்கே வரும்போது வெளிச்சம் மாறும், அதைக் கவனியுங்கள்.

கிண்டல் வசனம் பற்றி: 2024 ஜூலை 8-இல் உச்ச நீதிமன்றம் திரைப்படச் சித்திரிப்பு குறித்த தீர்ப்பில், ஊனத்தைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, ஊனமுற்றவரை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொல்லியிருக்கிறது. 1991-ஆம் ஆண்டுத் தணிக்கை வழிகாட்டுதலிலும் இப்படிப்பட்ட கேலிக் காட்சிகள் தேவையில்லாமல் வரக்கூடாது என்று இருக்கிறது. சமையல்காரர் சொல்லிவிட்டுப் போகட்டும், ஆனால் அடுத்த ஷாட் யார் முகம்? சிரிக்கிற கூட்டத்துக்கு வெட்டினால் படமும் சேர்ந்து சிரிக்கிறது. இலையில் பணியாரத்தை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வதென்று யோசிக்கிற அவள் முகத்துக்கு வெட்டுங்கள். பதிலுக்கு அவளுக்கும் ஒரு நல்ல குத்தல் வசனம் எழுதுங்கள். அதை நிஜமாகவே வீல்சேரில் இருக்கிற ஒருவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள், சம்பளம் கொடுத்து.