பிஎம்எக்ஸ் சில்லுக்கு எந்தக் கம்பி நல்லது?

வணக்கம் அண்ணாமார். மகனின் பிஎம்எக்ஸ் ரேஸ் சைக்கிளுக்கு 20 அங்குலச் சில்லு இரண்டையும் நானே கட்டப் பார்க்கிறேன். ரிம், ஹப் இரண்டிலும் 36 துளை. கம்பியில்தான் தடுமாற்றம். முழுக்க 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள சாதாரணக் கம்பியா, நடுவில் 1.8 ஆக மெலிந்த பட்டெட் கம்பியா? மெலிந்தது பாரம் குறைவு, கொஞ்சம் இழுபட்டும் கொடுக்கும். ஆனால் பெடியன் மேட்டால் பாய்ந்து இறங்குகிற இறக்கத்துக்குப் பின்சில்லு தாங்குமா?

பழைய கம்பிகள் எல்லாம் ஹப்பில் வளையும் இடத்தில்தான் முறிந்தன. எங்கட உப்புவெளிக் கடற்காற்றில், கம்பியை ரிம்மில் இறுக்கும் நிப்பிளும் கறள் பிடித்து, சாவி போட்டால் வழுக்குகிறது. அதனால் ஸ்டெயின்லெஸ் தவிர வேறு வேண்டாம். முன்னுக்கு மெலிந்தது, பின்னுக்குச் சாதாரணம் என்று யாராவது போட்டுப் பார்த்தீர்களா? அப்புறம், திருகோணமலை டவுனிலேயே அளவுக்கு எடுக்கலாமா, கொழும்புக்குத்தான் சொல்ல வேண்டுமா?