புதுப்பிப்பு: குழந்தையின் உதட்டுக் கொப்புளத்துக்குக் காரணம் தெரிந்தது

மகளுக்குக் காய்ச்சலோடு உதட்டோரம் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வந்ததைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சூடு, அலர்ஜி, கை-கால்-வாய் நோய் என்று பல யோசனைகள் வந்தன. "ஈறையும் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியதுதான் வழிகாட்டியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சிவந்து வீங்கி, லேசாகத் தொட்டாலே ரத்தம் கசிந்தது. கை-கால்-வாய் நோயில் வருவதுபோல் உள்ளங்கை, பாதத்தில் எதுவும் இல்லை. வாயில் கொப்புளமும் புண்ணும் வரவைக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் முதல் தொற்று என்றார் டாக்டர். அந்த வைரஸை அடக்கும் ஏசைக்ளோவிர் சிரப்பை ஆரம்பத்திலேயே தொடங்கியது நல்லதாயிற்று.

எதிர்பாராதது ஒன்று: கொப்புளத்தைவிட, வலியால் அவள் தண்ணீர் குடிக்க மறுத்ததுதான் டாக்டருக்குப் பெரிய கவலை. சிறுநீர் குறைகிறதா என்று கவனிக்கச் சொன்னார். அப்புறம், கொப்புளத்தைத் தொட்ட கையைக் கண்ணில் வைக்கவே விடாதீர்கள். வைரஸ் நரம்பில் தங்கிவிடும். காய்ச்சலோ கடும் வெயிலோ மறுபடி கிளப்பலாம்.