இலங்கையின் வடக்கு மாகாணத்தில் முதலிட நினைக்கிறேன்: எந்த மாவட்டம், என்ன தொழில்?

ஸ்காபரோவாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பிறந்து, சிறுவயதில் பெற்றோருடன் கனடாவுக்கு வந்தவன் நான். இப்போது கனடியக் குடியுரிமை மட்டுமே இருக்கிறது. வீட்டுக் கடன் முடிந்து, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. தம்பியும் கூட்டுச் சேரத் தயார். அதை ஊரில் போட வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. இன்று எனக்கும் அதே ஆசைதான்.

கோண்டாவிலில் ஆறு பரப்புக் காணி (அரை ஏக்கருக்குக் குறைவு) இருக்கிறது. அப்பாவுக்கும் இரண்டு அத்தைமாருக்கும் அதில் பங்கு உண்டு. அங்கே கலியாண மண்டபம் கட்டு என்கிறார் மச்சான். யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே வன்னியில் ஐம்பது ஏக்கர் மலிவாக வருகிறது, வாங்கிப் போடு என்கிறார் இன்னொரு உறவினர். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதம் அளவில் வந்து நிற்க முடியும். சும்மா விலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க விருப்பமில்லை. பத்துப் பேருக்காவது வேலை கிடைக்க வேண்டும். ஐந்து மாவட்டங்களில் எதைப் பார்க்கலாம்? அங்கேயே இருப்பவர்கள் சொன்னால் நல்லது.

நல்லூர்வாசி எழுதியது:

மண்டபம் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே போதும் போதும் என்னும் அளவுக்குக் கட்டிவிட்டார்கள். முகூர்த்த நாட்கள் தவிர மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. தங்கும் விடுதி ஓரளவு பரவாயில்லை. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் போகிறது, காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களையும் மார்கழி விடுமுறையையும் மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இரணைமடுக் கமக்காரன் எழுதியது:

தம்பி, கிளிநொச்சியில் வயலும் ஒரு சிறிய அரிசி ஆலையும் வைத்திருப்பவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வடக்கு மாகாணத்தை ஒரே சந்தையாக நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரைக் கிணற்றால் இறைத்து வெங்காயம், புகையிலை, மிளகாய், வாழை என்று செய்கிறார்கள். அங்கே காணி சிறியது, விலை பெரியது, நிலத்தடி நீரில் உரத்தின் நைத்திரேற்றும் கலந்துவிட்டது. தண்ணீர் அதிகம் கேட்கும் எந்தத் தொழிலையும் அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள். வன்னி வேறு. இங்கே இரணைமடு, முத்தையன்கட்டு, மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளம் என்று குளங்களை நம்பி நெல் விளைகிறது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் உழுந்து, நிலக்கடலை.

விளைவதில் எங்களுக்குக் குறையே இல்லை. விளைந்த பிறகுதான் குறை. தை கடைசியில் தொடங்கி மாசி முழுவதும் காலபோக (மாரிமழைப் பருவ) அறுவடை. முன்பு கதிரை வெட்டி, சூடு வைத்து (குவித்து அடுக்கி), பிறகு அடிப்போம். நெல் அதற்குள் பாதி காய்ந்துவிடும். இப்போது இயந்திரம் இறங்கினால் ஒரு வெளி முழுவதும் ஒரே கிழமையில் முடிகிறது. அத்தனை நெல்லும் ஈரத்தோடு ஒன்றாக வருகிறது. இருபது சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். களஞ்சியத்தில் வைக்க வேண்டுமானால் பதினான்குக்கு இறங்க வேண்டும். அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபையும் 14 சதவீதம் ஈரத்துக்குத்தான் உத்தரவாத விலை கொடுக்கிறது.

காய வைக்க எங்கே இடம்? மாசியில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். தார் வீதியின் ஒரு பாதியில் நெல் விரித்திருக்கும், ஓரத்தில் கல்லும் கொப்பும் வைத்திருப்பார்கள், பஸ் மறுபாதியால் ஒதுங்கிப் போகும். ஒருவர் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு நடப்பார், இடைக்கிடை ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடிப்பார். நறுக்கென்று முறிந்தால் சரி. நசிந்தால் இன்னொரு வெயில் வேண்டும். அந்த நேரம் மேகம் கறுத்தால் வயல்கரையில் லொறியோடு நிற்கும் வியாபாரி விலையை இறக்குவார். கமக்காரனுக்கு உரக்கடையில் கடன், இயந்திரக்காரனுக்குக் கூலி, வங்கியில் நகை அடகு. கொடுக்காமல் என்ன செய்வார்? அந்த நெல் பொலநறுவை ஆலைகளுக்குப் போய், அரிசிப் பையாக எங்கள் கடைக்கே திரும்பி வருகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே என் பதில்: வயலும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம். நெல் உலர்த்தியும் களஞ்சியமும் போடுங்கள். கமக்காரரின் நெல்லைக் கூலிக்கு உலர்த்திக் கொடுத்து, வைத்திருக்க இடமும் கொடுங்கள். உமியை எரித்தே சூடு எடுக்கலாம், எண்ணெய்ச் செலவு இல்லை. உடனே ஆலை கட்டப் போகாதீர்கள். ஆலைக்குக் கட்டடமும் இயந்திரமும் பாதிச் செலவுதான். அறுவடை நேரத்தில் ஆண்டு முழுவதற்கும் நெல் வாங்கிக் குவிக்கக் கைப்பணம் வேண்டும். அது இல்லாமல் ஆலை தொடங்கியவர்கள் சித்திரையிலேயே கதவைச் சாத்தியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். உலர்த்திக்கு அந்தச் சுமை கிடையாது.

குறையையும் சொல்ல வேண்டும். மாசி, பங்குனி போனால் வேலை குறையும். கோடையில் செய்யும் சிறுபோகம் எவ்வளவு என்பது இரணைமடுவில் தேங்கும் தண்ணீரைப் பொறுத்தது. ஆண்டுதோறும் கமக்காரர் கூட்டத்தில்தான் தீர்மானிப்பார்கள். இடைக்காலத்துக்கு உழுந்து உடைத்தல், நிலக்கடலை தரம் பிரித்துப் பொதி செய்தல் போன்றவற்றையும் சேர்த்தால்தான் பத்துப் பேரை ஆண்டு முழுவதும் வைத்திருக்க முடியும்.

பேசாலைப் பெண் எழுதியது:

கமக்கார அண்ணா சொன்னதே எங்கள் கரைக்கும் பொருந்துகிறது. மன்னாரில் நீலக்கால் நண்டு பிடிபடுகிறது. அவித்து, சதை எடுத்து, பெரும்பகுதி வெளிநாடுகளுக்குப் போகிறது. சதை எடுக்கும் வேலை முழுவதும் பெண்களின் கையில்தான் இருக்கிறது. நானும் அதில் இருந்தவள். கடற்றொழிலாளி, கரையில் வாங்கும் வியாபாரியான வாடிக்காரரிடம் வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் வாங்கியிருப்பார்; பிறகு அவர் சொன்ன விலைக்கே நண்டைக் கொடுக்க வேண்டும். கரையிலே நியாய விலைக்கு ஐசும் குளிர்க் களஞ்சியமும் இருந்தால் அந்தப் பிடி கொஞ்சம் தளரும். கூட்டுறவுச் சங்கத்தோடு சேர்ந்து செய்தால் ஊர் உங்களோடு நிற்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். கடலட்டைப் பண்ணையில் நல்ல இலாபம் என்று சொல்வார்கள். இலாபம் உண்மைதான், ஆனால் கரையோரத்தை வளைத்து அடைத்தால் கம்பு நட்டுக் களங்கண்ணி வலை வைப்பவருக்கும் கரைவலைக்காரருக்கும் வழி போய்விடும். அதற்காக மக்கள் போராடியும் இருக்கிறார்கள். அடுத்தது காற்றாலை. மன்னார்த் தீவில் 2020-இல் திறந்த தம்பபவனிக் காற்றாலையில் முப்பது கோபுரங்கள், சுமார் 100 மெகாவாட். மழைவெள்ளம் வடியும் வழி அடைபடுகிறது என்று புதியவற்றை எதிர்த்து 2025-இல் மன்னார் மக்கள் வீதியில் இருந்தார்கள். அந்தப் பக்கம் பங்கு வாங்கச் சொல்லி யாராவது வந்தால் முதலில் தீவுக்கு வந்து மழைக்காலத்தில் வெள்ளம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இந்திய இழுவைப் படகுகள் வரும் இரவுகளில் எங்கள் ஆட்கள் வலை போடப் பயப்படுகிறார்கள். நண்டு வரவு அதனாலும் குறையும். இதையும் கணக்கில் எடுங்கள்.

ஸ்காபரோவாசி எழுதியது:

ஐயா, அக்கா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உலர்த்திக்கு எவ்வளவு காணி வேண்டும்? அந்த ஐம்பது ஏக்கரில் ஒரு பகுதியை வாங்கினால் போதுமா?

இரணைமடுக் கமக்காரன் எழுதியது:

தம்பி, இரண்டு மூன்று ஏக்கர் தாராளம். ஏ-9 வீதிக்குக் கிட்ட, லொறி திரும்பக்கூடிய இடமாக, மின்சார இணைப்போடு இருக்க வேண்டும். அந்த ஐம்பது ஏக்கரை மறந்துவிடுங்கள். வன்னியில் மலிவாக வரும் காணி பெரும்பாலும் அனுமதிப்பத்திரக் காணி, அதாவது அரசு அனுமதி கொடுத்துப் பயிர்செய்ய விட்ட காணி. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிப் பணம் கொடுத்தவர்கள் இன்றைக்கும் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அலைகிறார்கள். உறுதிக் காணி (தனியாருக்குச் சொந்தமான, பத்திரம் உள்ள காணி) என்றால் மட்டும் பேசுங்கள். அதையும் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்த பிறகு பேசுங்கள்.

உங்கள் நிலையில் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடிமகன் இலங்கையில் காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடை இல்லை. நீங்கள் இங்கே பிறந்தவர், அதற்கு விண்ணப்பியுங்கள். அது வரும்வரை குத்தகைக்கு எடுக்கலாம். எனக்குக் கேட்டால், முதல் சில ஆண்டுகளுக்குக் குத்தகையே நல்லது. பணத்தை உறவினர் கணக்குக்கு அனுப்பாமல் வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்குத் திறந்து அதன் வழியாகக் கொண்டுவாருங்கள். நாளைக்கு இலாபத்தைத் திருப்பி எடுக்க வேண்டி வந்தால் அந்தப் பதிவு உதவும்.

கோண்டாவில் காணியை விற்று இதற்குப் போடும் எண்ணம் வந்தால், அத்தைமாரிடம் முதலில் கேளுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிக்கே முதலில் வாங்கும் உரிமை. கேட்காமல் வெளியாருக்கு எழுதினால் வழக்கு வரும், உறவும் போகும்.

நீங்கள் வந்து நிற்கும் அந்த ஒரு மாதத்தைத் திருவிழாவுக்காக ஆவணியில் வைக்காமல் மாசியில் வையுங்கள். வருவதற்கு முன் இங்கே ஒரு வரி எழுதுங்கள். என் ஆலைக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுகிறேன். மின் கட்டணம், கூலி, கழிவு நெல் எல்லாம் அதில் இருக்கிறது.