ரீடிங் ஃபிரேமுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

கொழிஞ்சாம்பாறை, திங்கள் இரவு:
மடற்குழுவில் அனைவருக்கும் வணக்கம். பத்தாவது வரை தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் பிளஸ் டூ உயிரியலை ஆங்கிலத்தில் படித்துத் திணறுகிறார்கள். வைரஸ் மரபணுத்தொகுதி பற்றி நாலு பக்கக் குறிப்பு எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜெராக்ஸ் கடைக்குப் போயாக வேண்டும். மரபணு, புரதம், கோடான் (மரபணுவின் மூன்றெழுத்துத் தொகுதி) வரை வண்டி ஓடியது. ரீடிங் ஃபிரேமில், அதாவது எந்த எழுத்தில் தொடங்கி மும்மூன்றாகப் பிரித்துப் படிப்பது என்பதில், நின்றுவிட்டது.

கரும்பலகையில் 'அவன்மகன்கடன்' என்று சேர்த்து எழுதினேன். மும்மூன்று எழுத்தாகப் பிரித்தால் அவன், மகன், கடன். முதல் எழுத்தை அழித்துவிட்டுப் பிரிக்கச் சொன்னேன்: 'வன்ம கன்க டன்'. வகுப்பே சிரித்தது. விஷயம் புரிந்துவிட்டது, சொல்தான் இல்லை. இப்போதைக்கு 'வாசிப்புச் சட்டகம்' என்று போட்டிருக்கிறேன்.

செங்கோட்டை, செவ்வாய்:
சட்டகம் வேண்டாம் அம்மா. அது ஜன்னலுக்கு அடிப்பது. அகராதியில் உடல் என்றும் ஒரு பொருள் உண்டு. வைரஸ் பாடத்தில் 'வாசிப்பு உடலா'? யாப்பில் எல்லாம் தயாராகக் கிடக்கிறது. எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர். கோடானுக்குச் சீர் என்போம். ரீடிங் ஃபிரேம் 'சீர்பிரிப்பு'. ஓசைக்காகச் சொல்லை இடம் மாற்றி உடைத்தால் வகையுளி. எழுத்து கூடியோ குறைந்தோ பிரிப்பு நகரும் ஃபிரேம்ஷிஃப்டுக்கு அதைவிட நல்ல சொல் ஏது?

மூணாறு, செவ்வாய்:
ஐயா, வகையுளி புலவர் தெரிந்தே செய்வது. ஓரெழுத்து விழுந்து பிரிப்பு கெடுவது விபத்து. இரண்டுக்கும் ஒரே சொல்லா? ஆனால் தெரிந்தே செய்வதுபோல நடப்பதும் உண்டு. 2018-இல் கோழிக்கோட்டில் வந்த நிபா வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மரபணுத்தொகுதி மொத்தமே சுமார் 18,000 எழுத்து. அதன் பி மரபணுவைப் படியெடுக்கும்போது எதுவும் கூடாவிட்டால் பி புரதம், நடுவில் ஒரு 'ஜி' எழுத்து கூடினால் வி புரதம், இரண்டு கூடினால் டபிள்யூ. தொடங்கும் இடத்தையே மாற்றிப் படித்தால் சி. ஒரே ஓலையில் நாலு பாட்டு! இதற்கு வேண்டுமானால் வகையுளி பொருந்தும்.

ஆந்திரச் சித்தூர், புதன்:
(பாலக்காட்டுச் சித்தூர் அல்ல. போன தடவை ஒருவர் எனக்கு மலையாளத்தில் பதில் போட்டார்.) 1977-இல் விஞ்ஞானி சாங்கரின் குழு, பாக்டீரியாவைத் தாக்கும் ஃபை எக்ஸ் 174 வைரஸின் சுமார் 5,400 எழுத்தையும் படித்தபோது, டி மரபணுவுக்குள்ளேயே இ மரபணு வேறு பிரிப்பில் ஒளிந்திருந்தது. நன்னூலார் இதைத்தானே பொதுமொழி என்றார்? தாமரை என்றால் பூ. தா, மரை என்று பிரித்தால் தாவுகிற மான். ஆகவே 'பொதுமரபணு'.

பாலக்காட்டுச் சித்தூர், புதன்:
நம்ம பிள்ளைகளுக்குப் 'பொது' என்றால் பொதுத்தேர்வு, 'சீர்' என்றால் தாய்மாமன் கொண்டுவருவது. தேர்வுக்கு முந்தின இரவு அலகிட்டுக்கொண்டா இருப்பார்கள்? அதோடு சீர் ஓரசையிலும் வரும், நாலசையிலும் வரும். கோடான் எப்போதும் மூன்றெழுத்துதான். டீச்சர், சட்டகமே போதும்.

செங்கோட்டை, புதன் நள்ளிரவு:
அப்படியானால் மூவசைச்சீர் என்று வரையறுங்கள். தேமாங்காய், புளிமாங்காய் தெரியாத பிள்ளையா? புரதம் முடியும் இடத்தைக் காட்டும் நிறுத்தக் கோடானுக்கு ஈற்றுச்சீர். வெண்பாவுக்கு இருப்பதுபோல வாய்பாடும் கொடுத்துவிடலாம்: நாள், மலர், காசு, பிறப்பு.

மூணாறு, வியாழன்:
நிறுத்தக் கோடான் மூன்றுதான் ஐயா. பிறப்பை எங்கே வைப்பது?

கொழிஞ்சாம்பாறை, வியாழன் இரவு:
எல்லோருக்கும் நன்றி. தனி மடல்களையும் சேர்த்து எண்ணினால் சட்டகத்துக்கு நாலு பேர், சீர்பிரிப்புக்கு இரண்டு பேர். 'ரீடிங் ஃபிரேம் என்றே எழுதுங்கள், தேர்வில் அதுதான் வரும்' என்று ஒருவர். அவர் சொல்வதும் நியாயம்தான், அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டேன். வகையுளியை நிபா கட்டத்துக்குள் மட்டும் வைத்திருக்கிறேன். பொதுமரபணுவை எடுத்துவிட்டேன், மனிதருக்கெல்லாம் பொதுவான மரபணு என்று எழுதிவைப்பார்கள். திருத்திய படி இணைப்பில். காலையில் கடைக்குப் போகிறது.

செங்கோட்டை, வெள்ளி அதிகாலை:
அச்சாகட்டும். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த வருடம் மறுபடி கேட்பேன். கடைக்குப் போகுமுன் மூன்றாம் பக்கம் பாருங்கள்: 'வாசிப்பு சட்டகம்' என்று 'ச்' விட்டுப்போயிருக்கிறது. ஓரெழுத்து விழுந்தால் என்ன ஆகும் என்று அதே பக்கத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள் அம்மா.