பனையடி வீட்டுக் குழுவில் கதிரேசனின் வரைபடம்

கதிரேசன் (மாலை 6:10): அனைவருக்கும் வணக்கம். மேஸ்திரி இன்று மனையைப் பார்த்துவிட்டுப் போனார். ஆடி பிறப்பதற்குள் அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்ட வேண்டுமானால் வியாழக்கிழமைக்குள் வரைபடம் தன் கைக்கு வர வேண்டும் என்கிறார். டெக்சாஸிலிருந்து பாண்டி மச்சான் அனுப்பிய 'ராஞ்ச் ஹவுஸ்' படத்தில் அறைகளின் பெயரைத் தமிழில் எழுதி இணைத்திருக்கிறேன். பெரியவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

நாகநாதன்: ராஞ்சியிலா வீடு கட்டுகிறாய்?

பாண்டி: ராஞ்சி இல்லை மாமா, ராஞ்ச். மாடி இல்லாமல், தரையோடு தரையாக நீளவாக்கில் கட்டும் வீடு. இங்கே எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான் இருக்கின்றன.

நாகநாதன்: நம் ஊரிலும் அப்படித்தான் இருந்தன. அதற்கு வீடு என்று பெயர்.

தங்கராசு: 'சமயலறை' என்று எழுதப்பட்டுள்ளது. 'சமையலறை' என்பதே சரி. படத்தைத் திருத்திய பின் கருத்துச் சொல்கிறேன்.

அருள்மொழி (6:31): பாண்டியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்த வகை வீடு 1930களில் கலிபோர்னியாவில் உருவெடுத்தது. அங்கே ஸ்பானியர் காலத்துப் பண்ணை வீடுகளில் இருந்த நீண்ட தாழ்வாரத்தையும் தணிந்த கூரையையும் பார்த்து அதை வகுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1950களில், இளம் குடும்பங்களுக்கென்று நாடு முழுவதும் கட்டித் தள்ளினார்கள். படியேறாமல் எல்லா அறைக்கும் போகலாம். சமையலறையில் நின்றபடியே வெளியில் விளையாடும் பிள்ளையைக் கவனிக்கலாம். மூன்று வயது மகிழனும் முழங்கால் வலிக்காரியான அப்பத்தாவும் ஒரே வீட்டில் இருக்கப் போகிறார்கள் என்னும்போது இந்த அமைப்பை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அங்கே மரச் சட்டம் நிறுத்திப் பலகை அடித்துக் கட்டுகிறார்கள். நாம் செங்கல்லும் கான்கிரீட்டும் போடப் போகிறோம். மாடி வீட்டில் ஒரே அஸ்திவாரமும் ஒரே கூரையும் இரண்டு தளத்துக்கும் பயன்படும். தரைவீட்டில் ஒவ்வொரு சதுர அடியும் தன் அஸ்திவாரத்தையும் தன் கூரையையும் தானே கேட்கும். ஆகவே அளவைக் குறைத்தால்தான் இது சிக்கனமான வீடு. இல்லாவிட்டால் மாடி வீட்டைவிடச் செலவு மிகுந்ததாகிவிடும். இந்தப் படம் 1,650 சதுர அடி. மேஸ்திரி சொன்ன, சதுர அடிக்கு 2,300 ரூபாய்க் கணக்கில் 37,95,000 ரூபாய் ஆகிறது. கதிரேசனிடம் இருப்பதோ கடனும் சேர்த்து 24 லட்சம்.

வளர்மதி: மதினி, அந்த 24 லட்சத்தில் 2 லட்சம் என் நகையை அடகு வைத்தது.

இராமலெட்சுமி: நகையை மீட்டுவிட்டு வீட்டைத் தொடங்கலாமே.

கதிரேசன்: கார் நிறுத்தும் அறையை மட்டும் எடுத்துவிட்டால்?

நாகநாதன்: கார் எங்கே இருக்கிறது?

கதிரேசன்: வாங்குவேன் சித்தப்பா.

அருள்மொழி (6:50): கார் வரும்போது அதற்குத் தென்னங்கீற்றுப் பந்தல் போதும். நான் 900 சதுர அடியில் ஒரு படம் போட்டிருக்கிறேன். 900 சதுர அடியை 30க்கு 30 என்று சதுரமாகக் கட்டினால் சுற்றுச்சுவர் 120 அடி. 45க்கு 20 என்றால் 130 அடி. 60க்கு 15 என்று இழுத்தால் 150 அடி. பாண்டியின் படத்தில் உள்ளதுபோல் வளைத்து மடக்கினால் சுவரும் கூடும், ஒவ்வொரு மூலைக்கும் ஒரு தூணும் கூடும். நான் 45க்கு 20 என்பதை எடுத்துக்கொண்டேன். பத்தடிச் சுவர் கூடுதல்தான். ஆனால் நீளச் சுவர்கள் இரண்டும் தெற்கையும் வடக்கையும் பார்த்து, நடுவில் கூடம் முன்னும் பின்னும் திறந்திருந்தால், தென்காற்றான சோழகம் அடித்தாலும் வடகாற்றான வாடை அடித்தாலும் காற்று வீட்டுக்குள் நுழைந்து வெளியேறும். மேற்குச் சுவரை ஒட்டிக் குளியலறையையும் சாமான் அறையையும் வைத்துவிட்டேன். பிற்பகல் வெயிலையும், ஆனி ஆடியில் மேற்குக் காற்றான கச்சான் அள்ளிவரும் மணலையும் அவை தாங்கிக்கொள்ளும். அவற்றை அடுத்து இரண்டு படுக்கையறைகள், நடுவில் கூடம், கிழக்கே சமையலறை. செலவு 20,70,000 ரூபாய். மிச்சத்தில் கழிவுத் தொட்டியும் மழைநீர்த் தொட்டியும் முடிந்துவிடும்.

இராமலெட்சுமி: மனையடி சாஸ்திரத்தில் 45 அடிக்கு என்ன பலன் என்று பார்த்தீர்களா? சமையலறை அக்கினி மூலையில்தானே வருகிறது?

அருள்மொழி: தென்கிழக்கு மூலைதான் அத்தை.

தங்கராசு: பலனைப் பஞ்சாங்கத்தில் பார்த்துச் சொல்கிறேன்.

பாண்டி: கடலோரச் சட்டம் ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா?

அருள்மொழி: பார்த்தேன். கடற்கரை ஒழுங்குமுறை உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரைதான். நம் மனை ஏறத்தாழ 900 மீட்டர் உள்ளே இருக்கிறது. ஆனால் 2024இல் வந்த, நாமே சான்றளித்துப் பெறும் சுயசான்று அனுமதி நமக்குப் பொருந்தாது. அது 2,500 சதுர அடிக்குள் உள்ள மனைக்கு மட்டும். நம்முடையது 12 சென்ட், அதாவது 5,227 சதுர அடி. வழக்கமான முறையில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

நாகநாதன் (7:15): எல்லாம் சரி. தூண் கம்பியை மேலே நான்கு அடி விட்டு வைக்கச் சொல்லுங்கள். நாளைக்குப் பையன் தலையெடுத்தால் மாடி போட வேண்டாமா? என் வீட்டில் விட்டிருக்கிறேன்.

வளர்மதி: சின்ன மாமா, தவறாக நினைக்காதீர்கள். சென்ற கார்த்திகையில் உங்கள் வீட்டில் நாங்கள் தங்கியிருந்தபோது, மகிழனைத் தூக்கிக்கொண்டு நான் அடுப்படிக்குப் போன நேரத்தில், அவன் தொட்டில் கட்டியிருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி மேல்தளத்துப் பூச்சு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே தெரிந்த கம்பியை விரலால் தொட்டேன். வெங்காயத் தோல் உரிவதுபோல் துரு அடுக்கடுக்காக உரிந்து வந்தது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையைத்தான் பார்க்கிறேன்.

நாகநாதன்: அது மழை ஓதம்.

அருள்மொழி (7:32): மழை ஓதம் மட்டும் இல்லை சித்தப்பா. அந்த வீட்டுக்குக் கலவை போட்டதும் நனைத்ததும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில். அந்தத் தண்ணீரில் சோறு வைத்தால் உப்புப் போட வேண்டியதில்லை என்று அப்பத்தா சொல்லும். உப்பு கான்கிரீட்டுக்குள் போனால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. நம் கடலோரக் காற்றில் இரும்பு எவ்வளவு விரைவாக அரிக்கும் என்பதைப் பார்க்கத்தான் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தார் மண்டபத்தில் உலோகத் துண்டுகளை வெயிலிலும் காற்றிலும் வைத்துச் சோதிக்கிறார்கள். மேலே விட்டு வைக்கும் நான்கு அடிக் கம்பியும் அப்படி ஒரு சோதனைத் துண்டுதான். வேறுபாடு என்னவென்றால், அதன் துரு தூணுக்குள்ளும் இறங்கும். பத்து ஆண்டு கழித்து மாடி போட நினைத்தால் அந்தக் கம்பியை எந்தப் பொறியாளரும் நம்ப மாட்டார். வீட்டை வளர்க்க வேண்டுமானால் பக்கவாட்டில் வளர்ப்போம். தெற்கே இடம் கிடக்கிறது. மகிழன் தலையெடுத்த பின் இரண்டு அறைகளை அங்கே சேர்த்துக்கொள்ளலாம். பாண்டியின் படத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒன்றைத்தான் என்பேன்.

பாண்டி: படத்தில் மிஞ்சியது அவ்வளவுதானா?

அருள்மொழி: மேஸ்திரியிடம் இதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பிக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே அவர்கள் வழக்கமாக முக்கால் அங்குலம், ஓர் அங்குலம் விடுவார்கள். 2000ஆம் ஆண்டின் 456ஆம் எண் இந்தியத் தர விதிப்படி, கடற்காற்று நேரே படும் கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் மூடல் வேண்டும். கலவையின் வலிமையும் எம் 30 தரமாக இருக்க வேண்டும். கம்பியிட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பதும் அதே விதிதான். சமையலறை மேடைக்குக் கிரானைட்டு, கூடத்தில் பளபளக்கும் தரை, முகப்பில் கல் ஒட்டு வேலை ஆகியவற்றில் ஒரு லட்சத்தைக் குறைத்து, அதை இந்தக் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் போடுங்கள். சன்னல் கம்பிகளையும் கூட இரும்பில் போடாமல் வேப்பமரச் சட்டத்தில் அடித்துவிடலாம்.

வளர்மதி: கிரானைட்டு வேண்டும் மதினி.

அருள்மொழி: மேடைக்கு மட்டும்.

கதிரேசன் (7:58): நல்ல தண்ணீருக்கு எங்கே போவது அக்கா? லாரித் தண்ணீர் வாங்கினால் கட்டி முடிக்கும்வரை அதற்கே தனிக் கணக்கு எழுத வேண்டும்.

இராமலெட்சுமி: பாகம் பிரித்தபோது கிணறு யார் பக்கம் போனது என்று எல்லோருக்கும் தெரியும்.

நாகநாதன்: ஆரம்பித்துவிட்டாயா?

இராமலெட்சுமி: எனக்கு அதில் ஒன்றுமில்லை. எனக்குக் கிடைத்தது ஒரு சேலையும் இரண்டு பவுனும். தம்பி உயிரோடு இருந்திருந்தால் அவனே வாய் திறந்து கேட்டிருப்பான். பிள்ளை கேட்கக் கூச்சப்படுகிறான்.

கதிரேசன்: அத்தை, நான் அப்படிச் சொல்லவில்லை.

அருள்மொழி: மணலில் பதினைந்து அடிக்குள் ஊறும் கிணற்றில்தான் நல்ல தண்ணீர் இருக்கிறது, ஆழமாகத் துளை போட்டால் உப்பு ஏறிவிடுகிறது. அப்பா, நம் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வுக்குக் கொடுக்கலாமா?

(8:20 வரை எவரும் எழுதவில்லை.)

தங்கராசு: 'மணலில் ஊறும் கிணறு' என்பதைவிட 'ஊற்றுக் கிணறு' என்பது செறிவானது.

இராமலெட்சுமி: அண்ணன் பதில் சொல்லிவிட்டார்.

பாண்டி: தாழ்வாரத்தை விட்டுவிட்டீர்களே. ராஞ்ச் வீட்டுக்கு அதுதான் அழகு.

அருள்மொழி (8:34): தெற்கே ஆறடி அகலத்தில் தாழ்வாரம் உண்டு. அதை 900 சதுர அடியில் சேர்க்கவில்லை. ஆனால் வீட்டுக் கூரையை அப்படியே நீட்டித் தாழ்வாரமாக்கக்கூடாது. புயல் காற்று கீழே நுழைந்து தூக்கினால் நீட்டிய பகுதியோடு வீட்டுக் கூரைக்கும் கேடு வரும். தனிக் கூரையாகப் போட்டால் போவது தாழ்வாரத்தோடு போகும். 1964இல் தனுஷ்கோடி போனதை அப்பத்தா இன்றும் நேற்று நடந்ததுபோல் சொல்லும் குடும்பத்தில் இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. பனைமரச் சட்டங்களான பனங்கையும் நாட்டு ஓடும் போட்டால் செலவும் குறைவு. புதிதாகப் பனை வெட்ட முடியாது. 2021 முதல் ஆட்சியர் அனுமதி வேண்டும். ஆனால் அப்பத்தாவின் பழைய வீட்டைப் பிரித்தபோது கருக்காய் முற்றிய பனங்கைகள் இருபதுக்கு மேல் இருந்தனவே?

கதிரேசன்: இருந்தன.

இராமலெட்சுமி: இப்போது அவை யார் வீட்டு மாட்டுக் கொட்டகையைத் தாங்குகின்றன என்று கேளுங்கள்.

நாகநாதன்: மாடு நனையலாமா?

வளர்மதி: சின்ன மாமா, மாடு விற்று இரண்டு வருடம் ஆகிறது.

நாகநாதன்: ஞாயிற்றுக்கிழமை வந்து எண்ணிப் பாருங்கள். கறையான் தின்னாதது எத்தனை என்று எனக்கே தெரியாது.

கதிரேசன் (8:52): பேஸ்மட்டம் எவ்வளவு உயரம்? மேஸ்திரி மூன்றடி என்கிறார். பாண்டி மச்சானின் படத்தில் படியே இல்லை.

பாண்டி: இங்கே வாசல் மட்டமும் தரை மட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அருள்மொழி: அதை இங்கே செய்ய முடியாது. 2024 நவம்பரில் இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அன்று நம் தெருவில் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று மனைக்கு எதிர்க் கடைச் சுவரில் கறை இருக்கிறது. நான் அளந்தேன், சாலையிலிருந்து ஓரடிக்குச் சற்று மேல். இரண்டடி போதும். சாய்தளத்துக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு. இரண்டடிக்கு 24 அடி. முன்சுவரை ஒட்டியே ஓடவிடலாம். மூன்றடி என்றால் 36 அடி இழுக்க வேண்டும். அப்பத்தா பாதி வழியில் உட்கார்ந்துவிடும்.

வளர்மதி: அப்பத்தாவிடம் படத்தைக் காட்டினேன். "எனக்குச் சாய்தளம் வேண்டாம், திண்ணை எங்கே?" என்று கேட்கிறார்கள்.

நாகநாதன்: கேட்க வேண்டிய கேள்வி.

அருள்மொழி: தாழ்வாரத்தின் கிழக்கு முனையில் எட்டடிக்குத் திண்ணை கட்டிவிடலாம். படத்தில் சேர்க்கிறேன்.

கதிரேசன்: அப்படியானால் 45க்கு 20, இரண்டடிப் பேஸ்மட்டம், தனித் தாழ்வாரம், திண்ணை என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடட்டுமா?

இராமலெட்சுமி: பலன் பார்க்காமல் சொல்லாதே.

பாண்டி: குறைந்தது கார் நிறுத்த இடத்தையாவது படத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள்.

தங்கராசு (9:25): பஞ்சாங்கம் அகப்படவில்லை. காலையில் தேடுகிறேன். அருள்மொழி, பாட்டிலை நன்றாகக் கழுவிக் கொண்டு வா. மோட்டார் அறைச் சாவி நிலைக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் வீடு கட்டி முடியும்வரை மட்டும் என்பதை அனைவரும் நினைவில் கொள்ளவும்.

இராமலெட்சுமி: கதிரேசா, இந்தச் செய்தியை அழியாமல் சேமித்து வைத்துக்கொள்.

கதிரேசன்: நன்றி பெரியப்பா.

நாகநாதன் (9:41): நான்கு அடி வேண்டாம். இரண்டடிக் கம்பி மட்டும் விட்டு, மேலே சிமெண்டு பூசி மூடிவிட்டால் என்ன?