வேலூர் அருகே நான்கு வயதுக் குழந்தையும் மூட்டுவலி உள்ள பெரியவரும் சேர்ந்து செல்லத்தக்க பூங்காக்கள் எவை?

காட்பாடிக்குப் புதியவள்:

அனைவருக்கும் வணக்கம். கணவரின் பணிமாற்றத்தின் காரணமாகச் சென்ற மாதம் காட்பாடி காந்தி நகருக்குக் குடிவந்திருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு நான்கு. எங்களுடன் இருக்கும் என் மாமியாருக்கு மூட்டுவலி உண்டு. அவரால் அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க இயலாது என்றாலும், அவரை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் கிளம்புவதற்கு மனம் வரவில்லை. சொந்தமாகக் கார் இல்லை. பேருந்து, ஆட்டோ இரண்டையும் நம்பித்தான் செல்ல வேண்டும்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் விசாரித்துவிட்டு ஒரு பூங்காவுக்குச் சென்றோம். காலை பதினொரு மணி. இரும்புத் தகட்டாலான சறுக்குமரத்தில் ஆசையோடு ஏறிய மகள் பாதி வழியிலேயே அலறினாள், தொடை சிவந்துபோய்விட்டது. கழுவிவிடலாம் என்று குழாயைத் தேடினால் தண்ணீர் வரவில்லை, கழிப்பறையும் பூட்டியிருந்தது. மாமியார் உட்கார நிழலில் ஒரு பெஞ்சுகூட இல்லாததால், வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிட்டோம்.

எங்களுக்குப் பெரிய கேளிக்கைப் பூங்கா எதுவும் தேவையில்லை. குழந்தைகள் ஓடியாட இடமும், பெரியவர் அமர நிழலும், கூடுமானால் மகன் ஏதேனும் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் இருந்தால் போதும். வேலூரை நன்கு அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சத்துவாச்சாரி அம்மா:

சகோதரி, உங்கள் மகளுக்கு நேர்ந்தது என் மகனுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நேர்ந்தது என்பதால் முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். வேலூரில் எந்த இடம் என்பதைவிட எந்த நேரம் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். சுற்றிலும் பாறைக் குன்றுகள், பாலாற்றிலோ ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். கோடையில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. பிப்ரவரி பிற்பாதியிலிருந்து, காலை ஒன்பது மணிக்குள் திரும்பிவிடும்படியோ மாலை ஐந்துக்குப் பிறகு சென்று சேரும்படியோ திட்டமிட்டால், பாதிக் குறைகள் தாமாகவே மறைந்துவிடும். சறுக்குமரம் பிளாஸ்டிக்காலானதாக இருந்தாலும் புறங்கையை வைத்துப் பார்த்த பின்னரே குழந்தையை ஏற்றுங்கள்.

உங்கள் நிலைமைக்கு முதலில் பரிந்துரைப்பது வேலூர்க் கோட்டையை ஒட்டியுள்ள பெரியார் பூங்காவையும் கோட்டை வளாகத்தையும்தான். உள்ளூர்க்காரர்கள் “கோட்டைதானே” என்று அலட்சியமாகச் சொல்வார்கள். ஆனால் நகரின் நடுவில் நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் மரமும் புல்லும் நீரும் சேர்ந்திருக்கும் இடம் இங்கே வேறு ஏது? கோட்டைக்குள் நுழையக் கட்டணம் இல்லை. பழைய பேருந்து நிலையம் அருகிலேயே இருப்பதால் காட்பாடியிலிருந்து பேருந்தில் வருவதும் எளிது. மாமியாரை மர நிழலில் அமர வைத்துவிட்டு, அவர் கண்பார்வைக்குள்ளேயே குழந்தைகளை ஓடவிடலாம். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: அகழியின் ஓரத்துக்கும் மதிலின் மேலுக்கும் நான்கு வயதுக் குழந்தையைக் கைப்பிடியில்லாமல் விடாதீர்கள். ஞாயிறு மாலையில் கூட்டம் மிகுதி. முடிந்தால் சனிக்கிழமை செல்லுங்கள்.

உங்கள் மகனுக்கு எங்கள் சத்துவாச்சாரியில், ஆட்சியர் அலுவலகத்தின் பக்கம் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. கையால் இயக்கிப் பார்க்கும் அறிவியல் மாதிரிகள் அவன் வயதுக்குப் பொருத்தமாக இருக்கும். சிறியவளுக்கு அரை மணி நேரத்தில் அலுத்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலப்பாடி:

மேலே சகோதரி சொன்னதை வழிமொழிகிறேன். ஒன்பது வயதுப் பையனைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றுவிட்டு ஐஸ்கிரீம் மட்டும் வாங்கிக் கொடுத்துத் திரும்பினால் அது பெரும் நட்டம் என்பதால், நான் மாணவர்களை அழைத்துச் சென்ற முறையை எழுதுகிறேன்.

அகழியிலிருந்து தொடங்குங்கள். பகைவர் நீந்தி வராதிருக்க இதில் முதலைகளை விட்டிருந்தார்கள் என்று எங்கள் ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு பையன் நீங்கள் சொல்லும் எதையும் காது கொடுத்துக் கேட்பான். விஜயநகரப் பேரரசின் கீழிருந்த நாயக்கர்கள் பதினாறாம் நூற்றாண்டில் எழுப்பிய கருங்கல் மதில் இது என்பதைச் சொல்லி, கற்கள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் விதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்கு நேரே செல்லுங்கள். அங்குள்ள தூண்களில் பாயும் யாளிகளையும் குதிரைகளையும் எண்ணச் சொன்னால், நான்கு வயதுக் குழந்தைகூட விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடும். கருவறையில் இறைத்திருமேனி இல்லாமல் சில நூற்றாண்டுகள் இருந்த கோயில் இது. 1981இல்தான் லிங்கம் மீண்டும் உள்ளே கொண்டுவரப்பட்டது. உங்கள் மாமியாருக்கு இந்தச் செய்தி பிடிக்கும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

பிறகு 1806ஆம் ஆண்டின் கதை. ஜூலை 10 அன்று விடியுமுன், புதிய தலைப்பாகையைத் திணித்ததையும் நெற்றிக் குறிகளும் தாடியும் கூடாது என்று தடுத்ததையும் பொறுக்காத சிப்பாய்கள் இந்த மதிலுக்குள்தான் கிளர்ந்தெழுந்தார்கள். திப்பு சுல்தானின் குடும்பத்தார் அப்போது இங்கேதான் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த குதிரைப்படை அன்றைக்கே கிளர்ச்சியை அடக்கிவிட்டது. பையன் பள்ளியில் 1857ஐப் படிக்கும்போது, அதற்கு ஐம்பத்தோரு ஆண்டுகள் முன்பே நம் ஊரில் நடந்தது என்று வகுப்பில் எழுந்து சொல்வான். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தையும் பாருங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை.

காட்பாடியிலிருந்து வரும் உங்களுக்கு இன்னுமோர் இடம் உண்டு. யாரும் பூங்கா என்று சொல்வதில்லை. பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம், கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் நினைவிடம். இலங்கையிலிருந்து சிறைப்படுத்திக் கொண்டுவரப்பட்ட அவர் 1832இல் இங்கேயே மறைந்தார். சிறிய இடம், கூட்டமில்லை, அதிகம் நடக்கவும் தேவையில்லை. விளையாட்டுக் கருவிகளை எதிர்பார்த்துச் சென்றால் மட்டும் ஏமாற்றம்தான்.

கணியம்பாடிக்காரன்:

அமிர்தியை இன்னும் யாரும் குறிப்பிடாதது வியப்பாக இருக்கிறது. வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், வனத்துறையின் சிறிய உயிரியல் பூங்கா இருக்கிறது. 1967இல் தொடங்கப்பட்டது. புள்ளிமான், மயில், முதலை, பலவகைப் பறவைகள் என்று அளவோடுதான் இருக்கும். வண்டலூரைப் பார்த்த கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும். ஆனால் வண்டலூரில் மாலைக்குள் கால் ஓய்ந்துபோகும் குழந்தைகள், இங்கே ஒரு மணி நேரத்தில் முழுவதையும் பார்த்துவிட்டு மான் கூண்டருகே மறுபடியும் போய் நிற்பார்கள். ஆசிரியர் ஐயா சொன்ன அகழி முதலைக் கதையை முதல் வாரம் கேட்ட பையனுக்கு மறுவாரம் உண்மை முதலையைக் காட்டலாம்.

விலங்குகள் இருக்கும் பகுதி பெரும்பாலும் சமதளம். அதைத் தாண்டி அருவிக்குச் செல்லும் பாதை காட்டுப் பாதை. வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய நாட்களில்தான் அருவியில் நீர் நன்றாக விழும். ஏப்ரலில் சென்றால் பாறையைத்தான் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள்.

சத்துவாச்சாரி அம்மா:

கணியம்பாடி நண்பர் சொல்வதில் ஒரு திருத்தம் வேண்டும் என்று நினைக்கிறேன். அமிர்தி நல்ல இடம்தான், ஆனால் மூட்டுவலி உள்ளவரை அருவி வரை அழைத்துச் செல்வது நடவாத காரியம். குரங்குகளைப் பற்றியும் அவர் சொல்லவில்லை. சென்ற முறை என் கையிலிருந்த பையை ஒரு குரங்கு இழுக்க, அதிலிருந்த புளியோதரை முழுவதும் மண்ணோடு போயிற்று. உணவை மூடிய பாத்திரத்தில் வைத்து, அந்தப் பாத்திரத்தைப் பைக்குள் மறைத்து, குழந்தையின் கையில் பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுக்காமல் இருந்தால் தொல்லை இல்லை.

கணியம்பாடிக்காரன்:

ஒப்புக்கொள்கிறேன், அம்மா. அருவிக்குச் செல்லும்போது ஒருவர் பாட்டியோடு பூங்காவிலேயே இருந்துவிடலாம் என்று எழுத நினைத்து விட்டுவிட்டேன். அமிர்திக்குப் பேருந்துகள் உண்டு என்றாலும் அடிக்கடி கிடையா. மூன்று பெரிய ஆட்களும் சிறுவர்களும் சேர்ந்தால் வாடகைக் கார் பேசிக்கொள்வதே மேல். ஓட்டுநரைத் திரும்பும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். திரும்பும் சவாரி அங்கே எளிதில் கிடைக்காது.

ஜோலார்பேட்டை ரயிலடி:

ஒரு முழு நாள் ஒதுக்க முடிந்தால் ஏலகிரிக்கு வாருங்கள். பழைய வட ஆற்காட்டுக்காரர்கள் இன்னும் வேலூர் மாவட்டம் என்றே சொன்னாலும், 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. இணையத்தில் தேடும்போது இதனால் குழப்பம் வரலாம்.

கார் இல்லாத உங்களுக்கு இது தொலைவாகத் தோன்றும். ஆனால் நீங்கள் இருப்பது காட்பாடி. சென்னையிலிருந்து வரும் ரயில்கள் பல காட்பாடியில் நின்று ஜோலார்பேட்டைக்கு வருகின்றன. இடைப்பட்ட தூரம் 84 கிலோமீட்டர்தான். வேலூர் நகருக்குள் நெரிசலில் ஆட்டோவில் போவதைவிட உங்கள் மாமியாருக்கு ரயில் இருக்கை சுகமாக இருக்கும். மலைக்கு ஏறும் சாலையில் பதினான்கு கொண்டைஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். வளைவுக்கு வளைவு பெயர்ப்பலகையை உரக்கப் படிக்க வேண்டும் என்று மகனிடம் சொல்லிவிடுங்கள். மகளுக்கு வாந்தி வரும் வழக்கம் இருந்தால், வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்து ஏற்றாதீர்கள்.

மேலே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். ஊட்டியைப் போலக் குளிராது. வேலூரின் புழுக்கத்திலிருந்து தப்பித்த ஆறுதல் இருக்கும், அவ்வளவுதான். புங்கனூர் ஏரியில் படகுச் சவாரியும், பக்கத்தில் சிறுவர் பூங்காவும் உண்டு. ஏரியைச் சுற்றி வர விரும்பாத பெரியவர்கள் கரையிலேயே அமர்ந்திருக்கலாம். சுவாமிமலை ஏற்றம் வேண்டாம். அது உங்கள் மகன் கல்லூரிக்குப் போகும் வயதில் நண்பர்களோடு செல்ல வேண்டியது. கோடை விடுமுறை வார இறுதிகளில் படகுக்கே வரிசை நீளும் என்பதால், மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரியில் வருவதையே நான் விரும்புவேன்.

காட்பாடிக்குப் புதியவள்:

இவ்வளவு விளக்கமாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். 1981 செய்தியைக் கேட்டதும் கோயிலுக்கு முதலில் போக வேண்டும் என்றார். மகனோ முதலையைத் தவிர வேறு எதையும் பேச மறுக்கிறான். ஆகவே இந்தச் சனிக்கிழமை கோட்டை, அடுத்த மாதம் வாடகைக் காரில் அமிர்தி, ஏலகிரி மழைக்குப் பிறகு என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஒரே ஓர் ஐயம். அரியூர் பக்கம் உள்ள ஸ்ரீபுரம் தங்கக் கோயிலிலும் அழகான தோட்டம் இருப்பதாகப் பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். குழந்தைகளுடன் சென்றால் அங்கே விளையாட இடம் உண்டா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலப்பாடி:

தோட்டம் பசுமையாகவே இருக்கும், அம்மா. ஆனால் அது வழிபாட்டுத் தலம். ஓடி விளையாடும் இடமன்று. கோயிலைச் சுற்றி நட்சத்திர வடிவில் அமைந்த நடைபாதை வழியாகத்தான் உள்ளே செல்ல வேண்டும். அது ஒரு கிலோமீட்டருக்கும் அதிகம். அரைக்கால் சட்டை அணிந்து வருவதற்கு அனுமதி இல்லை, கைப்பேசியை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உங்கள் மாமியாருக்கு வழியில் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று முன்னதாகக் கேட்டுக்கொண்டு, குழந்தைகளின் வயிற்றையும் நிரப்பிவிட்டு, மாலை விளக்கொளியில் பார்க்கும்படி தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டையோடு ஒரே நாளில் சேர்க்க வேண்டாம்.

சத்துவாச்சாரி அம்மா:

சனிக்கிழமைக்குத் தண்ணீர்ப் புட்டியோடு ஒரு பழைய போர்வையையும் எடுத்துச் செல்லுங்கள். பெஞ்சு கிடைக்காவிட்டாலும் மரத்தடியில் விரித்துக்கொள்ளலாம். உங்கள் மாமியார் தரையில் அமர முடியாதவர் என்றால், மடக்கு நாற்காலி ஒன்று போதும்.