உரம் போடுகிற டிரம் பயங்கரமாக நாறுகிறது, அவசரம்

வாசல்நிழல்: தோட்டக் கழிவை மக்க வைத்து உரமாக்கலாம் என்று ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. மக்கிய மாதிரியே தெரியவில்லை, நாற்றம் மட்டும் குடலைப் புரட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் என்ன செய்யலாம், யாராவது சொல்லுங்களேன்.

சருகுப்பை: கழிவு என்றால் என்ன கழிவு? புல்லா, இலையா, கிளையா? டிரம்முக்கு மூடி உண்டா, அடியில் ஓட்டை இருக்கிறதா? தண்ணீர் விடுகிறீர்களா?

நெளியன்: மண்புழு விடுங்கள். எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும்.

கரிசல்: நெளியன், எந்தக் கேள்விக்கும் உங்களிடம் மண்புழுதான் பதில். பச்சைக் கழிவு சூடாகிக்கொண்டிருந்தால்? 35 டிகிரியைத் தாண்டினாலே பாவம், செத்துப்போகும். சூடு அடங்கிய பிறகு விடலாம், இப்போது வேண்டாம்.

சுண்ணம்: ஒரு கை சுண்ணாம்புத்தூள் தூவி மூடி வையுங்கள். இருபது வருடமாக நான் செய்வது.

பழையமண்வெட்டி: மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, அழகுக்கு வைக்கவில்லை. வைத்தியரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரைக்குக் கை நீட்டுகிற கதை இது. மக்கப் போடுகிற கழிவில் கரிமம் 30 பங்குக்கு நைட்ரஜன் 1 பங்கு, இதை முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

சருகுப்பை: மண்வெட்டி ஐயா, அவருக்கு ஞாயிற்றுக்கிழமை அவசரம், பரீட்சை இல்லை. வாசல்நிழல், இன்னொன்றும் சொல்லுங்கள். அழுகிய முட்டை நாற்றமா, மூக்கில் ஏறுகிற மூத்திர நெடியா? இரண்டும் வேறு வேறு கோளாறு.

வாசல்நிழல்: மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். வெட்டின புல் மட்டும்தான், டிரம் நிறைய. பிளாஸ்டிக் டிரம், மூடி உண்டு, ஓட்டை எதுவும் கிடையாது. காயக் கூடாது என்று தினமும் ஒரு வாளி தண்ணீர் விட்டேன். முட்டை நாற்றம்தான், ஆனால் மூடியைத் திறந்தால் கண்ணும் எரிகிறது.

சருகுப்பை: ஓட்டை இல்லாத டிரம்மில் தினமும் ஒரு வாளியா! சரி, இப்போது விஷயம் புரிகிறது. வெட்டின புல் ஈரத்தோடு சேர்ந்தால் பாய் மாதிரி ஒட்டிப் படிந்துவிடும், நடுவில் காற்றே போகாது. காற்று இல்லாத இடத்தில் வேலை செய்கிற பாக்டீரியா வேறு, அதுதான் ஹைட்ரஜன் சல்பைடை விடுகிறது. உங்கள் முட்டை நாற்றம் அது. கண் எரிச்சல் அமோனியா. புல்லில் நைட்ரஜன் அதிகம், அதோடு சேர்ந்துகொள்ளக் கரிமம் அதிகமுள்ள காய்ந்த சருகு எதுவும் நீங்கள் போடவில்லை.

டிரம்முக்குள் தலையை விடாமல் அப்படியே கவிழ்த்துக் கொட்டுங்கள். மெல்லிசாகப் பரப்பி ஒரு நாள் காய விடுங்கள். டிரம்முக்கு அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டு, அடியில் குச்சிகளைப் பரப்பி, ஒரு கூடை புல்லுக்கு இரண்டு மூன்று கூடை சருகு என்று கலந்து போடுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் பிழிந்த துணி போல ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. தினமும் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள்.

சுண்ணம்: இவ்வளவு பாடு எதற்கு? சுண்ணாம்பு போட்டால் நாற்றம் அடங்கும். நான் கண்ணால் பார்த்தது.

கரிசல்: பார்த்திருப்பீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. சுண்ணாம்பால் காரத்தன்மை ஏறினால் முட்டை நாற்றம் குறையும். ஆனால் அதே காரம் அமோனியாவைக் கிளப்பிவிடும். உரத்தில் நிற்க வேண்டிய நைட்ரஜன் காற்றில் போகும். ஏற்கெனவே கண் எரிகிறது என்கிறார், இதில் சுண்ணாம்பு வேறா?

சுண்ணம்: என் செடிகளை வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

திண்ணைக்காற்று: காய வைத்துத் தீ வைத்தால் அரை மணி நேரத்தில் முடிந்தது. சாம்பலும் உரம்தானே?

கரிசல்: சாம்பலில் பொட்டாசியமும் சுண்ணாம்புச்சத்தும் மிஞ்சும். நைட்ரஜன் புகையோடு போய்விடும். நாற்றத்துக்கே சண்டைக்கு வருகிற பக்கத்து வீட்டுக்காரருக்குப் புகையை வேறு அனுப்பச் சொல்கிறீர்களா?

பழையமண்வெட்டி: கனமீட்டர் அளவுக்காவது குவியல் இல்லாமல் சரியாகச் சூடே ஏறாது. 55 டிகிரி வந்து சில நாள் நிற்காவிட்டால் களை விதை சாகாது. டிரம்மில் செய்வது விளையாட்டு.

சருகுப்பை: சூடு ஏறாவிட்டாலும் மக்கும் ஐயா, மெதுவாக மக்கும். நான் சருகை மட்டும் ஒரு மூலையில் குவித்து விட்டுவிடுவேன். பூஞ்சை பிடித்து ஒன்று இரண்டு வருடத்தில் கறுப்பாக உதிரும். அவசரம் இல்லாதவனுக்கு அது போதும்.

பழையமண்வெட்டி: சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு கண்டுபிடித்துவிட்டீர்கள்.

(இதன் பிறகு பதினோரு பதிவுகள் சுண்ணாம்பைப் பற்றி.)

வாசல்நிழல்: கொட்டிப் பரப்பிச் சருகு கலந்தேன். நாற்றம் பெரும்பாலும் போய்விட்டது, எல்லோருக்கும் நன்றி. ஒரு சின்ன சந்தேகம். போன மாதம் புல்லுக்குக் களைக்கொல்லி அடித்திருந்தோம். அதனால் ஒன்றும் இல்லையே?

சருகுப்பை: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! என்ன மருந்து? டப்பாவில் குளோபைரலிட், அமினோபைரலிட், பிக்ளோராம் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? இந்த வகை புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைக் களையை மட்டும் கொல்லும். மக்கின பிறகும் உரத்தில் தங்கும். தக்காளி, அவரை எல்லாம் கொஞ்சம் பட்டாலே இலை சுருண்டுவிடும். உரம் ஆன பிறகு இரண்டு தொட்டி எடுத்து, ஒன்றில் வெறும் மண், இன்னொன்றில் அதே மண்ணோடு உரம் கலந்து, இரண்டிலும் அவரை விதை போடுங்கள். மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். அதுவரை காய்கறிச் செடிக்கு இதைப் போடாதீர்கள்.

வாசல்நிழல்: டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன். விதை போட்டுப் பார்க்கிறேன்.

நெளியன்: இப்போது மண்புழு விடலாமா?

சருகுப்பை: வாசல்நிழல், நாலு மாதம் ஆகிறது. அவரை முளைத்ததா? இலை எப்படி இருக்கிறது?